செத்த பிறகு வரும் பில்: ஏழையின் வீட்டின் மீது அமெரிக்க அரசு வைத்திருக்கும் பாத்தியதை

அமெரிக்காவில் ஓர் ஏழை மூதாட்டி இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவர் முன்பே போய்விட்டார். பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். அடக்கம் முடிந்து சில வாரங்களில் மாநில அரசிடமிருந்து குடும்பத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. உங்கள் தாயாரின் மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் அரசு இவ்வளவு செலவழித்திருக்கிறது, அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அதைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது அந்தக் கடிதம். சொத்து என்று அவர் விட்டுச்சென்றது ஒரே ஒரு பழைய வீடு. நாற்பது வருடம் அடுத்தவர் வீட்டில் வேலை பார்த்துத் தவணை கட்டி முடித்த வீடு.

இதற்கு அங்கே எஸ்டேட் ரெக்கவரி என்று பெயர். தமிழில் சொத்து மீட்பு எனலாம். யாருடைய சொத்தை யார் மீட்கிறார்கள் என்ற கேள்வி அந்தப் பெயருக்குள்ளேயே கிடக்கிறது.

அமெரிக்காவின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 1946-இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பிய மனுவின் நகலைக் கேட்டார். 1972-இல் பம்பாயில் நம் இளைஞர்கள் இயக்கம் கட்டியபோது பிளாக் பாந்தர்களின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பட்டதைப் படிப்பது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. அதிலும், சட்டத்தின் எந்த வரியிலும் நிறம் பற்றிய சொல்லே இல்லாமல் ஒரு சமூகத்தின் கையில் இருப்பதை எப்படி வாங்கிக்கொள்ளலாம் என்ற பாடம் நமக்கு ரொம்பவே தேவை.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் ஒரே கையெழுத்தில் இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்தார். ஒன்று மெடிக்கேர், 65 வயது கடந்தவர்களுக்கான மருத்துவக் காப்பீடு. இன்னொன்று மெடிக்கெய்ட், ஏழைகளுக்கான மருத்துவ உதவி. முதலாவதை முழுக்க ஒன்றிய அரசு நடத்துகிறது. இரண்டாவதன் செலவை ஒன்றிய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன, நடத்துவது மாநிலங்கள்.

மெடிக்கேரில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நீண்ட காலப் பராமரிப்புக்கு அது பணம் தராது. குளிப்பாட்ட, சோறு ஊட்ட, படுக்கையில் புரட்டிப் போட ஆள் தேவைப்படும் முதியவர், மருத்துவமனையிலிருந்து வந்தபின் அதிகபட்சம் 100 நாள் வரைதான் மெடிக்கேரை நம்பிப் பராமரிப்பு இல்லத்தில் இருக்க முடியும். அதற்கு மேல் சொந்தப் பணம். அமெரிக்காவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஒரு மாதம் இருக்க இன்று 8,000 டாலருக்கு மேல் ஆகிறது. சாதாரணக் குடும்பத்தின் சேமிப்பு ஒரு வருடம் தாங்கினால் அதிகம். எல்லாம் கரைந்த பிறகு மெடிக்கெய்ட் வருகிறது. பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களில் பத்தில் ஆறு பேர் மெடிக்கெய்டை நம்பித்தான் இருக்கிறார்கள்.

மெடிக்கெய்ட் கிடைக்க வேண்டுமானால் ஏழை என்று நிரூபிக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் தனியாளின் கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. இந்த வரம்பு 1989-லிருந்து அப்படியே நிற்கிறது. குடியிருக்கும் வீடு மட்டும் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே வீடு இருந்தாலும் உதவி கிடைக்கும். இல்லத்தில் சேர்ந்த பிறகு அவருடைய ஓய்வூதியமும் செலவுக்கே போய்விடும். சோப்பு, செருப்பு, தலைமுடி வெட்டு, பேரனுக்கு ஒரு மிட்டாய் என்று சொந்தச் செலவுக்கு அவர் கையில் விடவேண்டிய குறைந்தபட்சத் தொகையாக ஒன்றியச் சட்டம் சொல்வது மாதம் 30 டாலர்.

இத்தனைக்கும் பிறகு அவர் கண்மூடியதும், உயிரோடிருந்தபோது கணக்கில் சேராத அந்த வீடு கணக்குக்கு வந்துவிடுகிறது. 55 வயதுக்குப் பிறகு நீண்ட காலப் பராமரிப்புக்காகவும் அதையொட்டிய மருத்துவமனை, மருந்துச் செலவுக்காகவும் அரசு கொடுத்த பணத்தை, இறந்தவரின் சொத்திலிருந்து ஒவ்வொரு மாநிலமும் வசூலித்தே ஆகவேண்டும். விரும்பினால் 55 வயதுக்குப் பிந்தைய எல்லா மருத்துவச் செலவையும் சேர்த்துக்கொள்ளலாம். வசூலில் ஒரு பங்கு ஒன்றிய அரசுக்குப் போகிறது.

நியாயமாகச் சொல்லிவிடுவோம், சில தடுப்புகள் இருக்கின்றன. கணவனோ மனைவியோ உயிரோடிருந்தால், 21 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால், பார்வையற்ற அல்லது மாற்றுத்திறனாளியான பிள்ளை இருந்தால் வசூலிக்கக் கூடாது. பிள்ளைகள் தங்கள் சொந்தக் கையிலிருந்து எதுவும் கட்டத் தேவையில்லை. இறந்தவர் விட்டுப்போனதில்தான் அரசு கை வைக்கும். மிகுந்த சிரமத்தில் இருக்கும் குடும்பம் விலக்குக் கேட்டு மனு போடலாம். ஆனால் எது சிரமம் என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்கிறது. படிவம், காலக்கெடு, அத்தாட்சி. அலுவலக வாசலில் சாதிச் சான்றிதழுக்கு நின்றவர்களுக்கு அந்த வரிசையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இனி வரலாறு.

பிச்சை போட்டுவிட்டுக் கணக்கு எழுதி வைக்கும் இந்தப் புத்தி இங்கிலாந்திலிருந்து வந்தது. 1601-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டப்படி, ஒவ்வொரு பாரிஷும் தன் எல்லைக்குள் உள்ள ஏழைகளைப் பராமரிக்க வேண்டும். பாரிஷ் என்பது தேவாலயத்தைச் சுற்றிய ஊர் நிர்வாகம். உதவி வாங்கும் ஏழையின் வீட்டுக்கு அதிகாரிகள் போய்ப் பாத்திரம், கட்டில், போர்வை வரைக்கும் பட்டியல் எடுப்பது பல ஊர்களில் வழக்கமாக இருந்தது. அவர் செத்ததும் அவை பாரிஷுக்குச் சொந்தம். 1697-இல் இன்னொரு படி மேலே போனார்கள். உதவி வாங்குகிறவர் வலது தோள் பக்கத்துச் சட்டையில், சிவப்பு அல்லது நீலத் துணியில் ஓர் எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும். ஏழை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அது; கூடவே பாரிஷ் பெயரின் முதல் எழுத்து. 1810 வரை அந்தச் சட்டம் இருந்தது. உடம்பில் அடையாளம் சுமந்து தெருவில் நடக்க வைப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கண்டுபிடிப்பு என்று இனி யாரும் பெருமைப்பட வேண்டாம்.

அந்தச் சட்டத்தைக் குடியேறியவர்கள் அமெரிக்காவுக்கு மூட்டை கட்டிக் கொண்டுபோனார்கள். ஏழைக்குக் கொடுப்பது உரிமையல்ல, கடன் என்ற எண்ணமும் அந்த மூட்டைக்குள் இருந்தது.

1935-இல் அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உலகமே கொண்டாடுகிற சட்டம். அதற்குள் இரண்டு வாசல்கள் இருந்தன. ஒரு வாசல் முதியோர் காப்பீடு. வேலை செய்யும்போது சம்பளத்தில் கொஞ்சம் கட்டி, ஓய்வு பெற்றதும் மாதாமாதம் வாங்கிக்கொள்வது. இன்னொரு வாசல் முதியோர் உதவி. கட்ட வழியில்லாத ஏழை முதியவர்களுக்கு மாநிலம் கொடுக்கும் பணம். பாதிச் செலவு ஒன்றிய அரசுடையது.

காப்பீட்டு வாசலில் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இடமில்லை. அன்றைய கறுப்பின உழைப்பாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இந்த இரண்டு வேலைகளிலும்தான் இருந்தார்கள். கறுப்பின வழக்கறிஞர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் செனட் குழுவின் முன் சாட்சி சொன்னபோது இந்த மசோதாவைச் சல்லடைக்கு ஒப்பிட்டார். பெரும்பான்மைக் கறுப்பர்கள் விழுந்துபோகும் அளவுக்கு ஓட்டை போட்ட சல்லடை. விழுந்தவர்கள் எங்கே போவார்கள்? இரண்டாம் வாசலுக்கு.

இரண்டாம் வாசலில் என்ன எழுதியிருந்தது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். முதியோர் உதவி பெற்றவர் இறந்தபின் அவர் சொத்திலிருந்து மாநிலம் ஏதாவது வசூலித்தால், அதில் நிகரப் பாதியை உடனே ஒன்றிய அரசுக்குச் செலுத்த வேண்டும் என்று 1935-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. ஏழைகளுக்குப் பணம் கொடுக்கும் சட்டம் பிறக்கும்போதே, அந்தப் பணம் திரும்பி வந்தால் எப்படிப் பங்கு பிரிப்பது என்பதும் கூடவே பிறந்துவிட்டது. பல மாநிலங்கள் இதைப் பயன்படுத்தின. உதவி கேட்டு வரும் முதியவரின் வீட்டின் மீது வில்லங்கம் எழுதிக்கொண்டன. வீடு போய்விடுமே என்று பயந்து உதவியே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் உண்டு. அப்படி ஒதுங்க வேண்டும் என்பதும் அதிகாரிகளின் நோக்கங்களில் ஒன்று.

முதல் வாசல் வழியாகப் போனவர்களின் நிலையோ வேறு. அமெரிக்காவில் முதன்முதலாக மாத ஓய்வூதியம் பெற்றவர் ஐடா மே புல்லர் என்ற பெண்மணி. வெர்மான்ட் மாநிலத்தில் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்த வெள்ளையர். மூன்று வருடத்தில் அவர் கட்டிய தொகை 24 டாலர் 75 சென்ட். 1940 முதல் 1975-இல் தன் நூறாவது வயதில் இறக்கும்வரை அவர் வாங்கியது 22,888 டாலர் 92 சென்ட். இதில் அவர் தவறு எதுவும் இல்லை, மகிழ்ச்சியாக வாழ்ந்துவிட்டுப் போனார். கட்டியதைவிட அதிகமாக வாங்கிவிட்டார், மிச்சத்தை வாரிசுகள் திருப்பித் தரட்டும் என்று எந்த அரசும் கடிதம் எழுதவில்லை. ஏனென்றால் அது காப்பீடு. ஒருவர் வாங்கினால் உரிமை, இன்னொருவர் வாங்கினால் கடன். ஒரே சட்டம், ஒரே கஜானா.

விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் காப்பீட்டு வாசல் திறந்தது 1950-லும் 1954-லும் வந்த திருத்தங்களால். அதற்குள் ஒரு தலைமுறை முதுமையைக் கடந்துவிட்டது.

மருத்துவத்துக்கு இந்த வழக்கம் எப்படி வந்தது? 1960-இல் கெர்-மில்ஸ் சட்டம் என்று ஒன்று வந்தது. ஓக்லஹோமா செனட்டர் ராபர்ட் கெர், ஆர்கன்சா உறுப்பினர் வில்பர் மில்ஸ் இருவரும் கொண்டுவந்தது. ஏழை முதியவர்களின் மருத்துவச் செலவுக்கு மாநிலங்களுக்குப் பணம் தரும் திட்டம். உயிரோடு இருக்கும்போது வீட்டின் மீது வில்லங்கம் வைக்காதே, செத்த பிறகு வசூலித்துக்கொள் என்றது அந்தச் சட்டம். ஐந்து வருடம் கழித்து மெடிக்கெய்ட் அதன் மேல்தான் கட்டப்பட்டது. வசூல் அனுமதியும் அப்படியே ஏறி வந்தது. ஆனால் அப்போது அது மாநிலத்தின் விருப்பம், அதுவும் 65 வயது கடந்தவர்கள் விஷயத்தில் மட்டும்.

இடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. பழைய முதியோர் உதவித் திட்டத்தை 1972-இல் கலைத்து, 1974 முதல் ஒன்றிய அரசே நேரடியாகப் பணம் கொடுக்கும் திட்டமாக மாற்றினார்கள். செத்த பிறகு சொத்திலிருந்து வசூலிக்கும் வழக்கம் அதில் இல்லை. ஆக, ரொக்க உதவி அந்தப் பழைய சாபத்திலிருந்து தப்பித்தது. மருத்துவ உதவி மட்டும் மாட்டிக்கொண்டது.

1982-இல் ரீகன் ஆட்சியில் பிடி இறுகியது. இனி வீடு திரும்ப மாட்டார் என்று முடிவு செய்யப்பட்ட நோயாளியின் வீட்டின் மீது, அவர் உயிரோடிருக்கும்போதே மாநிலம் வில்லங்கம் பதியலாம் என்று வரிச் சட்டம் ஒன்றில் சேர்த்தார்கள். 1989-இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஓர் அறிக்கை கொடுத்தது. பராமரிப்பு இல்லவாசிகளின் சொத்திலிருந்து வசூலித்தால் திட்டச் செலவை ஓரளவு ஈடுகட்டலாம் என்று அதன் தலைப்பே சொன்னது. ஆரிகன் மாநிலம் வசூலிக்கும் விதத்தை அது முன்மாதிரியாகக் காட்டியது.

பிறகு 1993. ஆட்சியில் இருந்தது ஜனநாயகக் கட்சி. ஏழைகளின் கட்சி, கறுப்பர்கள் நம்பி ஓட்டுப் போட்ட கட்சி. பற்றாக்குறையைக் குறைக்கப் பெரிய பட்ஜெட் சட்டம் ஒன்றை அதிபர் கிளின்டன் கொண்டுவந்தார். கீழவையில் 218-க்கு 216 என்று தப்பிப் பிழைத்தது. செனட்டில் 50-க்கு 50 சமமாகி, துணை அதிபர் அல் கோர் ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார். நாடு முழுக்க நடந்த சண்டை பணக்காரர்களுக்கான வருமான வரி விகிதம் பற்றியது, பெட்ரோல் வரி பற்றியது. அந்தச் சட்டத்தின் உள்ளே கிடந்த ஒரு பிரிவு எஸ்டேட் ரெக்கவரியை எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கியது. வயதையும் 65-லிருந்து 55-ஆக இறக்கியது. ஏழைக்கு எதிரான பிரிவுகள் இப்படித்தான் வரும், யாரும் சத்தம் போடாத இடத்தில்.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் வீடு வாங்குவது என்பது வங்கிக் கடன் கிடைப்பது. 1930-களில் ஒன்றிய அரசின் வீட்டுக் கடன் அமைப்புகள் நகரங்களின் வரைபடத்தில் கறுப்பர்கள் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் தீட்டின. ஆபத்தான பகுதி, கடன் கொடுக்காதே என்று பொருள். நம் ஊரில் சேரிக்கு வெளியே கோடு கிழித்தது போல, அங்கே வரைபடத்தில் கிழித்தார்கள். அரசு உத்தரவாதம் பெற்ற கடனில் வெள்ளையர் புறநகர்கள் எழுந்தன. கறுப்பர்களுக்கு அந்தக் கடன் பெரும்பாலும் மறுக்கப்பட்டது. வீட்டு விற்பனையிலும் கடனிலும் நிறம் பார்ப்பது சட்டவிரோதம் என்று சொன்ன நியாயமான வீட்டுவசதிச் சட்டம் 1968-இல்தான் வந்தது. டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில்.

1938-இல் பிறந்த ஒரு கறுப்பினப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் அவருக்கு 30 வயது. சட்டம் தன் பக்கம் இருக்க, வங்கிக்குள் போய்க் கடன் கேட்கக்கூடிய முதல் தலைமுறை. 25 வருடத் தவணை என்று வைத்தால் 1993-இல் கட்டி முடிப்பார். அப்போது அவருக்கு வயது 55. சரியாக அந்த வருடம், சரியாக அந்த வயதிலிருந்து, அரசு கணக்கு எழுதத் தொடங்குகிறது.

யாரோ உட்கார்ந்து சதி செய்து இந்த வருடங்களைப் பொருத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்யத் தேவையே இல்லை. முன்னால் தாமதமாகச் சேர விட்டவர்களைப் பின்னால் வரும் எந்தப் பொது விதியும் அதிகமாக அடிக்கும். ஒன்றிய வங்கியின் 2022 கணக்கெடுப்புப்படி நடுத்தர வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர். அந்த 44,900-இலும் பெரும்பகுதி வீடுதான். பங்குச் சந்தையும் பணமும் வெள்ளையர் கையில். ஆகவே வீட்டைக் குறிவைக்கும் விதி வெள்ளைக் குடும்பத்தின் ஒரு பகுதியைத் தொடுகிறது. கறுப்பினக் குடும்பத்தில் முழுவதையும் தொடுகிறது.

வெள்ளை ஏழைகளும் இதில் சிக்கினார்கள், அதையும் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனது எந்தக் கறுப்பர் பெரும்பான்மை மாநிலமும் அல்ல, மேற்கு வர்ஜீனியா. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் மலை மாநிலம், மிகப் பெரும்பாலோர் வெள்ளையர், வருமானத்தில் கடைசி வரிசை, ஆனால் சொந்த வீடு வைத்திருப்போர் விகிதத்தில் நாட்டிலேயே முன்வரிசை. சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்தவனுக்கு மிஞ்சுவது ஒரு சின்ன மரவீடு. அதையும் பிடுங்கச் சொல்கிறீர்களா என்று மாநிலமே வழக்குப் போட்டது. செய்யாவிட்டால் மெடிக்கெய்ட் பணமே கிடைக்காது என்று ஒன்றிய அரசு மிரட்டுகிறது, இது அரசியல் சட்டப்படி வற்புறுத்தல் என்று வாதாடியது. 2002-இல் நான்காம் சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மிச்சிகன் மாநிலம் 2007 வரை சட்டமே இயற்றாமல் இழுத்தடித்தது. கடைசியில் அதுவும் பணிந்தது.

சரி, வசதியானவர்களுக்கு முதுமை வராதா? வரும். அவர்களிடம் வக்கீல் இருக்கிறார். வீட்டை முன்கூட்டியே அறக்கட்டளைக்கு மாற்றலாம், பிள்ளைகள் பெயரில் எழுதலாம். மெடிக்கெய்டுக்கு விண்ணப்பிக்கும் முன் ஐந்து வருடத்துக்குள் செய்த மாற்றங்களை அரசு தோண்டிப் பார்க்கும் என்று 2006-இல் விதியை இறுக்கினார்கள். அதற்கு முன் பெரும்பாலும் மூன்று வருடம். ஐந்து வருடம் முன்னாலேயே யோசித்து, ஆலோசனைக் கட்டணம் கொடுத்து ஏற்பாடு செய்வது யாரால் முடியும்? இதற்கென்றே தனி வக்கீல் தொழில் அங்கே செழிக்கிறது. உயில்கூட எழுதாமல் செத்துப்போகிறவரின் வீடு நீதிமன்றம் வழியாக வாரிசுகளுக்குப் போகவேண்டும். அந்த வழியில்தான் அரசு காத்திருக்கிறது. அமெரிக்கத் தெற்கில் அடிமைத்தனம் ஒழிந்த காலம்தொட்டுக் கறுப்பினக் குடும்பங்கள் உயில் இல்லாமல், பத்திரம் பிரிக்காமல், கூட்டாக அனுபவித்துவரும் நிலங்கள் ஏராளம். வெள்ளையர் நீதிமன்றத்தை நம்பாததால் வந்த பழக்கம் அது. அவநம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. அந்த அவநம்பிக்கைக்கும் இன்று விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு தட்டில் இதை வைத்துப் பாருங்கள். பணக்காரர் இறந்தால் வாரிசுகளுக்குப் போகும் சொத்தின் மீது அமெரிக்காவில் எஸ்டேட் வரி உண்டு. 1993-இல் 6 லட்சம் டாலர் வரை அந்த வரி கிடையாது. 2024-இல் அந்த வரம்பு 1 கோடியே 36 லட்சத்து 10 ஆயிரம் டாலர். அதாவது 1 கோடி டாலர் மாளிகை விட்டுப்போனவரின் பிள்ளை எஸ்டேட் வரியாக ஒரு சென்ட் கட்ட வேண்டாம். 60 ஆயிரம் டாலர் வீடு விட்டுப்போன துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளை வீட்டையே கொடுக்க வேண்டும். இதை எழுதும்போது நம் நாட்டையும் நினைத்துக்கொள்கிறேன். செத்தவர் சொத்தின் மீதான வரியை இந்தியா 1985-இல் மொத்தமாகவே எடுத்துவிட்டது. அரசு மருத்துவமனையில் செத்தவரின் வீட்டுக்கு இங்கே பில் வருவதில்லை, அது ஓர் ஆறுதல். தனியார் மருத்துவமனைக்கு நகையையும் நிலத்தையும் விற்றுக் கட்டுவது தனிக்கதை.

அந்த மூதாட்டியைப் பராமரித்தது யார் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். பராமரிப்பு இல்லங்களிலும் வீடுகளிலும் முதியவர்களைக் குளிப்பாட்டித் துடைத்துத் தூக்கும் வேலையில் கறுப்பினப் பெண்களின் பங்கு அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகம். வீட்டுக்கே போய் முதியவர்களைப் பராமரிக்கும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம், மிகை நேர ஊதியம் ஆகியவற்றின் ஒன்றியச் சட்டப் பாதுகாப்பு 2015 வரை மறுக்கப்பட்டிருந்தது. ‘துணைக்கு இருப்பது’ வேலையில் சேராதாம். 1935-இல் வீட்டு வேலை வேலையில்லை என்று ஓய்வூதியத்திலிருந்து தள்ளப்பட்ட பாட்டியின் பேத்திதான் இவர். குறைந்த கூலிக்கு மற்றவர் பெற்றோரைப் பார்த்துவிட்டு, முதுகெலும்பு தேய்ந்து, சேமிப்பில்லாமல் தானும் மெடிக்கெய்டில் படுக்கிறார். இல்லத்துக்கு அனுப்பாமல் பெற்ற தாயை வீட்டிலேயே வைத்துப் பார்த்த மகளின் கதை இன்னும் மோசம். அவரால் அரசுக்கு மிச்சமான பணம் எந்தக் கணக்கிலும் வரவு வைக்கப்படுவதில்லை. தாய் இல்லத்துக்குப் போகும் முன் இரண்டு வருடம் உடனிருந்து பராமரித்ததை நிரூபித்தால் அந்த மகளுக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. தாயைக் குளிப்பாட்டியதற்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்?

2014-இல் ஒபாமாவின் சுகாதாரச் சட்டப்படி மெடிக்கெய்ட் விரிவானது. வருமானம் குறைந்த, 65 வயதுக்குட்பட்ட எல்லாரும் சேரலாம், சொத்துக் கணக்கு பார்ப்பதில்லை என்றார்கள். 55-லிருந்து 64 வயதுவரை உள்ளவர்கள் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, எல்லாச் செலவையும் வசூலிக்கும் மாநிலங்களில் இந்தக் காப்பீடும் வீட்டின் மீது ஏறும் கடன் என்று. இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. பல மாநிலங்களில் அரசு தனியார் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆள் கணக்கில் மாதாமாதம் பணம் கட்டுகிறது. அந்த மாதம் நீங்கள் டாக்டரைப் பார்த்தீர்களா இல்லையா என்பது பொருட்டல்ல. கட்டிய பணம் உங்கள் கணக்கில் ஏறும். வாங்காத சிகிச்சைக்கும் செத்த பிறகு பில். வாஷிங்டன் மாநிலம் செய்தி வெளியாகிச் சத்தம் கிளம்பியதும் 2013 டிசம்பரிலேயே அவசரமாக விதியை மாற்றி நீண்ட காலப் பராமரிப்போடு நிறுத்திக்கொண்டது. கலிபோர்னியா 2016-இல் சட்டம் இயற்றி, 2017 முதல் நிகழும் மரணங்களுக்கு வசூலை ஒன்றியச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவுக்குச் சுருக்கியது. மாசசூசெட்ஸ் 2024-இல்தான் அந்த இடத்துக்கு வந்தது.

இவ்வளவும் செய்து எவ்வளவு சேர்ந்தது என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மெடிக்கெய்ட் பற்றி நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஆணையம் 2021 மார்ச்சில் கொடுத்த அறிக்கைப்படி, 2019 நிதியாண்டில் எல்லா மாநிலங்களும் சேர்ந்து வசூலித்தது சுமார் 73 கோடி டாலர். அந்த வருட மெடிக்கெய்ட் செலவு 60 ஆயிரம் கோடி டாலருக்கும் மேல். ஆயிரம் ரூபாய் செலவழித்த இடத்தில் சுமார் ஒரு ரூபாய் இருபது காசு திரும்பி வந்திருக்கிறது. அரசுக்கு அது சில்லறை. பறிகொடுத்த குடும்பத்துக்கு அது கூரை. வசூல் பெரும்பாலும் எளிய குடும்பங்களிடமிருந்தே வருகிறது, ஆகவே இதைக் கட்டாயம் என்பதிலிருந்து மாநிலங்களின் விருப்பம் என்று மாற்றுங்கள் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. இல்லினாய் உறுப்பினர் ஜான் ஷகோவ்ஸ்கி 2022-இல் இந்த வசூலையே ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். நிறைவேறவில்லை.

2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பெரும் பட்ஜெட் சட்டம் மெடிக்கெய்டில் பத்து ஆண்டுகளில் 90 ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் வெட்டுகிறது. அதே சட்டம் எஸ்டேட் வரி இல்லாமல் பிள்ளைகளுக்கு விட்டுப்போகக்கூடிய சொத்தின் அளவை 2026 முதல் 1 கோடியே 50 லட்சம் டாலராக உயர்த்துகிறது. 55 வயது விதியை அது தொடவில்லை. மாதம் 30 டாலரையும் தொடவில்லை.